முதுகில் பட்ட குண்டு

முதல் கல் என் முதுகில்தான் விழுந்தது. குறி எனக்கு இல்லை. போலீஸ் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மரகதத்துக்கு வைத்த குறி. சரியாக அந்த நேரம் பார்த்து நடுவில் போய் நின்றது என் தலையெழுத்து.

இரண்டாவது கல் தப்பவில்லை. மரகதத்தின் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றாள்.

“என் தம்பிய முதுகுல சுட்டவளுக்கு வேன் ஒரு கேடா?”

கத்திக்கொண்டே ஸ்டேஷன் கேட்டுக்குள் ஓடி வந்தவர் மரக் காண்டிராக்டர் பன்னீர்செல்வம். தடுக்கப் போன கான்ஸ்டபிளின் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அவர் சுருண்டு மண்ணில் சாய்ந்தார். அடுத்த உதை மரகதத்துக்குத்தான் வந்திருக்கும். அதற்குள் திருநாவுக்கரசு சார் பன்னீர்செல்வத்தின் மணிக்கட்டைப் பிடித்து முதுகுப் பக்கமாக முறுக்கிவிட்டார். உள்ளே ஏதோ மளுக்கென்றது.

“இன்னும் கொஞ்சம் முறுக்கினா உடையும். உடைக்கவா, போறீங்களா?”

“நீ யாருய்யா நடுவுல?”

“இந்தம்மா புருஷன் சண்முகம் ஹட் பேலேருந்து எனக்குத் தந்தி குடுத்திருக்கார். அந்த முறையில நடுவுல.”

பன்னீர்செல்வம் கையை உருவிக்கொண்டு காறித் துப்பினார். “இவளத் தூக்குல போடலேன்னா நானே வெட்டுவேன். இவ வீட்டுல மிச்சம் இருக்கிற ஆளையும் வெட்டுவேன். எழுதி வெச்சுக்க!”

“வாஹித், எழுதிக்கோ” என்றார் சார்.

“பேனாவை முதல் கல்லு உடைச்சிடுச்சு சார். மனசுல எழுதிக்கிட்டேன்.”

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அப்துல் வாஹித். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் என் மாமுவுக்குத் துணிக்கடை. மாடியில் குடியிருப்பவர் திருநாவுக்கரசு சார். மெட்ராஸில் சட்டம் படித்து, போலீஸில் கொஞ்ச காலம் இருந்து, மேலதிகாரி ஒருவரை உள்ளபடியே வர்ணித்துவிட்டுக் கப்பல் ஏறியவர். தீவில் துப்பறிகிறார். துணி கிழிக்கப் பிடிக்காமல் மாடி ஏறியவன் நான். என் வேலை, அவர் யோசிக்கும்போது பேசிக்கொண்டிருப்பது.

இனி வழக்கு. சண்முகம் தச்சர். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வீடு கட்டத் தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேக்குப் போனவர், கப்பல் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். சிப்பிகாட்டில் அவருடைய நெல் வயலை மனைவி மரகதம் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்வது என்றால் மானிடமிருந்து. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் வேட்டை ஆசையில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான். இந்தத் தீவில் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. அது பெருகாமல் என்ன செய்யும்? அதனால்தான் பயிர்க் காவலுக்கென்று வயல்காரர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிறார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால் அந்தி சாயும் நேரத்தில் அந்த வயல் பரணில் பன்னீர்செல்வத்தின் தம்பி பழனிசாமி பிணமாகக் கிடந்தான். முதுகில் குண்டு. பக்கத்தில் மரகதம், காலடியில் துப்பாக்கி. மான் என்று நினைத்துச் சுட்டேன் என்றாள். போலீஸ் கொலை என்கிறது. நாளைக் காலை மாஜிஸ்திரேட் முன்னால் அவள் வாய் திறக்க வேண்டும். அங்கேயும் மான் என்று சொன்னால் கயிறு நிச்சயம் என்று அவளுடைய வக்கீலே கையை விரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறந்துவிட்டு, “தோடா ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். உள்ளே அடுப்படி மாதிரி வெந்தது. மரகதம் கழுத்து மூடிப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் யாரோ பஞ்சு ஒட்டியிருந்தார்கள்.

“சொல்லும்மா, என்ன நடந்துச்சு?”

“மான்னு நெனச்சுச் சுட்டேன் சார்.”

“பழனிசாமி சட்டை கருகியிருக்கு. குழாயை ஒட்டி வெச்சுச் சுட்டாத்தான் அப்படிக் கருகும். மான் அதுவரைக்கும் நிக்குமா?”

“அதுவும் பரண் மேல ஏறி வந்து, முதுகைக் காட்டிக்கிட்டு” என்றேன் நான். “ரொம்ப மரியாதை தெரிஞ்ச மான் சார்.”

மரகதம் தரையைப் பார்த்துப் பேசினாள். “போன வருசம் எங்க ஊர் மேல்வரிசை வீடுகள்ல ஒருத்தர் மான்னு நெனச்சு அடுத்த வீட்டு எருமையச் சுட்டுட்டாரு. கோர்ட்டுல ஃபைன் போட்டு அனுப்பிட்டாங்க. எனக்கும் அப்படித்தானே சார் செய்வாங்க?”

இந்தப் பெண் எருமைக் கேஸை நம்பிக்கொண்டு தூக்குமரத்தடியில் நிற்கிறாள்!

“எருமைக்கு ஃபைன் போதும்மா. மனுஷனுக்குப் போதாது” என்றார் சார். “கையைக் காட்டு.”

தயங்கித்தான் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

“கிணத்துக் கயிறு” என்றாள், கேட்பதற்கு முன்பே.

“உன் நாத்தனார் அலமு எங்க இருக்கா?”

அதுவரை செத்துக்கிடந்த குரல் அப்போதுதான் உயிர் பெற்றது. “செல்லம் அக்கா வீட்டுல. அன்னிக்கு அவ டவுன்ல தையல் கிளாஸுக்குப் போயிருந்தா சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள யாரும் எதுவும் கேக்கக் கூடாது. அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. நல்ல எடம். சத்தியமா அவ டவுன்ல இருந்தா.”

“நான் இல்லேன்னு சொல்லலையே” என்றார் சார்.

வெளியே வந்து ஜீப்பில் ஏறினோம். சிப்பிகாட் ரோட்டில் திரும்பியதும் நான் ஆரம்பித்தேன்.

“சார், அவன் கெட்ட எண்ணத்தோட வந்தான், தற்காப்புக்குச் சுட்டேன்னு சொல்லிட்டா என்ன? சட்டத்துல அதுக்கு எடம் இல்லையா?”

“தாராளமா இருக்கு. உயிர் போயிடும்னு பயம், படுகாயம் படும்னு பயம், பொம்பளை மானத்துக்கு ஆபத்து. இதுல எதுக்காகவும் எதிரியைக் கொன்னா குத்தம் இல்ல. ஆனா அந்தப் பயம் நியாயமா இருக்கணும். ஆபத்து கண்ணு முன்னால இருக்கணும். போலீஸுக்கு ஓட அவகாசம் இருந்தா ஓடணும். தேவைக்கு மேல ஓர் அடி அடிக்கக் கூடாது.”

“ஒருத்தன் குரல்வளையைப் புடிக்கும்போது இவ்வளவையும் யோசிக்கணுமா?”

“தராசுல வெச்சு நிறுக்க மாட்டாங்க வாஹித். அந்த எடத்துல நீ இருந்தா என்ன பயம் பயந்திருப்பேன்னு பார்ப்பாங்க. அதெல்லாம் சிக்கல் இல்ல. சிக்கல் முதுகுதான்.”

“ஏன்?”

“உன்னை வெட்ட வர்றவன் முதுகைக் காட்டிக்கிட்டா வருவான்? முதுகுல குண்டுன்னா ஓடுறவனைச் சுட்டதாத்தான் எடுத்துக்குவாங்க. ஆபத்து தீர்ந்த நிமிஷம் உரிமையும் தீர்ந்துடும். அதுக்கப்புறம் சுட்டா கொலை. வக்கீல் கையை விரிச்சது அதனாலதான்.”

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் அலறியது. மரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் ஜீப்பின் பக்கவாட்டில் உரசி இடித்தது. சார் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் ரோட்டோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. சார் நெற்றி கண்ணாடியில் மோதிப் புடைத்தது. என் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. லாரி நிற்காமல் போய்விட்டது. கதவில் பன்னீர்செல்வம் கம்பெனிப் பெயர் பச்சை பெயின்டில் பளபளத்தது.

“இவங்களுக்கு எதிரா நாம தற்காப்பு பண்ணலாமா சார்?”

“லாரியும் முதுகைக் காட்டிட்டுப் போயிடுச்சு” என்று அவர் இறங்கி நடந்தார்.

செல்லத்துக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். நாலு வயல் தாண்டிக் கேட்கும் குரல். மரகதத்தின் வயலுக்கு அடுத்தது அவள் வீடு. சமையல்கட்டில் நின்றபடியே பேசினாள். உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அலமு. வீட்டுக்குள் அந்நியர் வந்து உட்கார்ந்தும் அவள் திரும்பவில்லை.

“அன்னிக்கு என்ன கேட்டுச்சு செல்லம்மா?”

“மொதல்ல டின்னு. அப்புறம் வெடி.”

டின் என்பது இங்கே எல்லா வயலிலும் உண்டு. வயலுக்குக் குறுக்கே கம்பி கட்டி, காலி மண்ணெண்ணெய் டின்களைத் தொங்கவிட்டு, பரணுக்குள் ஒரு கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டியிருப்பார்கள். கயிற்றை இழுத்தால் அத்தனை டின்னும் ஒன்றோடொன்று மோதி அலறும். மான் ஓடிவிடும்.

“ரொம்ப நேரம் அடிச்சுதா?”

“ஒல வெச்சு சோறு வடிக்கிற மட்டும் அடிச்சுது.”

“போய்ப் பார்க்கலையா?”

“டின் அடிச்சா யாரு சார் போய்ப் பார்ப்பாங்க? அவங்க வயலு, அவங்க மானு. இங்க தினம் எங்கயாச்சும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். வெடி கேட்டதும் மான் விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். சுட்டவங்க பக்கத்து வயலுக்கு ஒரு தொடை குடுக்கிறது இங்க பழக்கம். நான் சட்டிகூடக் கழுவி வெச்சேன்.”

சார் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். “வெடிச்சதும் டின் சத்தம் நின்னுடுச்சா?”

செல்லம் கரண்டியைக் கீழே வைத்து யோசித்தாள். “இல்லியே. டின் சத்தத்துக்கு நடுவுலதான் வெடி கேட்டுச்சு. அதுக்கப்புறமும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

“நிச்சயமா?”

“விழுந்த மானுக்கு இன்னும் எதுக்கு டின் அடிக்கிறான்னு எங்க வீட்டுக்காரருகிட்டயே கேட்டேன். வேணும்னா அவரு வந்ததும் கேட்டுப் பாருங்க.”

சார் எழுந்து கும்பிட்டார். அலமுவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

“அந்தப் புள்ளைய விட்டுட்டீங்களே சார்?” என்றேன் வரப்பில் நடந்தபடி.

“கேக்கக் கூடாதுன்னு மரகதம் சொல்லியிருக்காங்களே. நான் கேக்க மாட்டேன்.”

பரண் மார்பளவு உயரத்தில் மூங்கிலால் கட்டியது. மேலே ஓலைக் கூரை, பின்னால் அலையாத்திக் காடும் ஓடையும். மூங்கில் பிளாச்சுகளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. உள் மூலையில் டின் கயிற்றின் நுனி, படுத்துக்கொண்டே எட்டிப் பிடிக்கிற உயரத்தில் தொங்கியது. துப்பாக்கி மாட்டும் கொக்கி வாசல் காலில் இருந்தது.

“வாஹித், நீ மரகதம். என் குடைதான் துப்பாக்கி. கயிற்றை விடாம இழுத்துக்கிட்டே என்னைச் சுடு.”

இடது கையால் கயிற்றை இழுத்தேன். வலது கையில் குடை தூக்கிக்கொண்டு ஆடியது. கயிற்றை அக்குளில் இடுக்கினேன். டின் நின்றுவிட்டது. குடையைக் கீழே வைத்தால் டின் அடித்தது. பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்தபோது கிழிந்த உதடு இன்னும் கிழிந்ததுதான் மிச்சம்.

“முடியல சார். சுடுறதுக்கு ரெண்டு கை, கயிற்றுக்கு ரெண்டு கை. நாலு கை வேணும்.”

“நாலு கை இருந்துச்சு. மரகதத்தோட உள்ளங்கை கயிற்றைச் சொல்லுது. அப்போ துப்பாக்கி அவங்க கையில இல்ல. எட்டவும் எட்டாது, கொக்கி அந்தக் கோடியில இருக்கு.”

நான் குடையைப் போட்டுவிட்டேன். “அப்ப சுட்டது யாரு?”

“கயிற்றை இழு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே.”

இழுத்தேன். டின்கள் கடகடவென்று அலறின. அடுத்த வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெங்காலிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். தெலுங்கு வீட்டு அம்மா கொடியில் துணி எடுத்தவள் திரும்பவே இல்லை. செல்லத்தின் கூரையில் அடுப்புப் புகை பாட்டுக்கு எழுந்தது.

“யாருக்கும் கேக்கலையா சார்?”

“கேக்குது. மான்னு நெனைக்கிறாங்க. நிறுத்தாதே.”

உள்ளங்கை எரிந்தது. நான் முணுமுணுக்க ஆரம்பித்தபோது வரப்பில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. அவிழ்ந்த தலை, கையில் அரிவாள். சேற்றில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடி வந்தாள்.

“அண்ணி! அண்ணி!”

அலமு பரணில் தாவி ஏறி அரிவாளை ஓங்கினாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

சார் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “அண்ணி இல்லம்மா. நாங்கதான். வாஹித், போதும்.”

டின் சத்தம் அடங்கியது.

“டின் அடிச்சா இந்த ஊர்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. இன்னிக்கு ஓடி வந்தது நீ ஒருத்திதான். அன்னிக்கும் நீ ஒருத்திதான், இல்லையா?”

அரிவாள் கீழே விழுந்தது. அவள் அந்தக் கறுத்த மூங்கிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கிளாஸ் முடிஞ்சு பஸ்ஸ விட்டு எறங்கினேன். டின் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. மானுக்குன்னா அண்ணி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுடுவாங்க. அன்னிக்கு நிக்கவே இல்ல. ஓடி வந்தேன். அவன் அண்ணி மேல மண்டி போட்டு உக்காந்திருந்தான். சேலையக் கிழிச்சிருந்தான். ரெண்டு கையாலயும் கழுத்த நெரிச்சுக்கிட்டிருந்தான். அண்ணிக்கு நாக்கு வெளிய வந்துடுச்சு சார். ஆனா கயிற்ற மட்டும் விடல.”

மூச்சு முட்டி நிறுத்தினாள்.

“விடுடான்னு கத்தினேன். தலைய மட்டும் திருப்பி, அடுத்தது நீதான்னு சிரிச்சான். இன்னும் இறுக்கினான். முடியப் புடிச்சு இழுத்தேன், ஒதறினான். துப்பாக்கி வாசக்கால்ல மாட்டியிருந்துச்சு. மான் வர்ற நேரத்துல அண்ணி தோட்டா போட்டுத்தான் வெப்பாங்க. எடுத்து அவன் முதுகுல வெச்சுச் சுட்டேன். அவன் செத்து அண்ணி மேலயே விழுந்தான். அப்பவும் அண்ணி கயிற்ற இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நான்தான் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சேன்.”

ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அண்ணிதான் கிழிஞ்ச சேலைய மறைச்சுக் கட்டிக்கிட்டு, ஓடையில என்னைக் கழுவி அனுப்பினாங்க. நீ டவுன்ல இருந்தே, கல்யாணப் பொண்ணுன்னாங்க. பின்னாடி சுட்டா தூக்குதானாமே சார்? என்னைப் போடட்டும். அவங்கள விட்டுடச் சொல்லுங்க.”

“யாரையும் போட வேண்டாம்” என்றார் சார். “நல்லாக் கேளு. தன்னைக் காப்பாத்திக்க சட்டம் என்ன உரிமை குடுக்குதோ, அதே உரிமை அடுத்தவங்களைக் காப்பாத்தவும் இருக்கு. அண்ணியாத்தான் இருக்கணும்னு இல்ல, முன்னப் பின்ன தெரியாத ஆளா இருந்தாலும் சரி. அவன் ஓடல. உனக்கு முதுகு தெரிஞ்சது, அவன் முகம் உங்க அண்ணி பக்கம் இருந்ததால. மரகதம் தனியா இருந்திருந்தா அந்த முதுகு கொலைக்குச் சாட்சி. நீங்க ரெண்டு பேர் இருந்ததால அதேதான் உங்களுக்குச் சாட்சி.”

“நம்புவாங்களா?”

“உங்க அண்ணி கழுத்துல முந்தானையை எதுக்குச் சுத்தியிருக்காங்க? அவன் வெரல் தடத்தை மறைக்க. அது தெரிஞ்சா தற்காப்புன்னு ஆரம்பிப்பாங்க, முதுகு இடிக்கும், சுட்டது யாருன்னு உன்கிட்ட வந்து நிப்பாங்க. அதனாலதான் நெத்தி ரத்தத்தைக்கூடத் துடைக்காம முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. கழுத்து இருக்கு, உள்ளங்கை இருக்கு, செல்லம் காதுல விழுந்த டின் இருக்கு. முடிவு சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனா உண்மையைச் சொன்னா நீங்க ரெண்டு பேருமே வீட்டுக்கு வர வழி இருக்கு. மான்னு சொன்னா இல்ல.”

பரணுக்குக் கீழே பளார் என்று சத்தம் கேட்டது. அலமுவின் பின்னாலேயே ஓடி வந்த செல்லம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள்.

“எனக்குக் கேட்டுச்சே! கேட்டுச்சே! நான் சட்டி கழுவிக்கிட்டு இருந்தேனே!”

அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் குனிந்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. என் தலை இருந்த இடத்தில் ஒரு வெட்டுக்கத்தி பாய்ந்து மூங்கில் காலைப் பிளந்தது.

ஓடைப் பக்கமாகப் பதுங்கி வந்த பன்னீர்செல்வம் பரணில் ஏறியிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “அப்ப சுட்டது நீயாடி? என் தம்பியத் தின்னது நீயா?”

“நில்லு! கத்தியைக் கீழே போடு!” சாரின் இடுப்பிலிருந்த ரிவால்வர் கைக்கு வந்துவிட்டது.

பன்னீர்செல்வம் அலமுவின் மேல் பாய்ந்தார். நான் கீழே கிடந்த குடையை எடுத்துக் குறுக்கே நீட்டினேன். குடை இரண்டாகப் போயிற்று, அதோடு என் முன்கையும் கிழிந்தது. வலி வருவதற்கு முன் ரத்தம் வந்தது. மல்லாந்து விழுந்தேன். என் நெஞ்சில் அவர் கால். மேலே கத்தி ஓங்கியபோது அதன் விளிம்பில் என் ரத்தம் சொட்டியதைப் பார்த்தேன். கலிமா சொல்ல வாய் திறந்தேன்.

ரிவால்வர் வெடித்தது.

குண்டு அவர் தோளில் பாய்ந்து அவரை அப்படியே பின்னுக்குத் தள்ளியது. கத்தி என் காதோரமாக விழுந்தது. பன்னீர்செல்வம் பரணிலிருந்து சேற்றில் உருண்டார். எழுந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு வயலில் ஓடினார்.

“சுடுங்க சார்! ஓடுறான்! சுடுங்க!”

சார் அந்த முதுகைக் குறிபார்த்தார். அவருடைய தாடை இறுகியிருந்தது. சுட ஆசைப்பட்டார், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது. அப்புறம் கையைக் கீழே இறக்கினார்.

“முதுகு, வாஹித்.”

“இருந்தா என்ன? என் கையைப் பாருங்க!”

“கத்தி இங்க கிடக்கு. ஆபத்து தீர்ந்துபோச்சு. இப்ப சுட்டா நாளைக்கு லாக்கப்ல நான்.”

சட்டத்தை எழுதியவனை மூன்று மொழிகளில் திட்டினேன். என் காதுக்கே அது கேட்கவில்லை. ஏனென்றால் டின்கள் மறுபடி அலற ஆரம்பித்திருந்தன. அலமு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வயல்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். குனியப்போனார்கள். செல்லம் வரப்பின் மேல் ஏறி நின்று, அத்தனை பேருக்கும் புரிகிற தீவு இந்தியில் தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஹிரண் நஹீ! மான் இல்லடா பாவிகளா! ஆத்மி கோ மார்தா ஹை! ஆளக் கொல்றாங்கடா! தௌடோ! சப் லோக் தௌடோ! எல்லாரும் ஓடியாங்க!”

பெங்காலிக்காரர் களைக்கொத்தோடு ஓடி வந்தார். தெலுங்கு அம்மா துணி உலர்த்தும் கழியை உருவிக்கொண்டு வந்தாள். மேல்வரிசையிலிருந்து, கீழ்வரிசையிலிருந்து, மாட்டை விட்டுவிட்டு, அடுப்பை விட்டுவிட்டு வந்தார்கள். நடு வயலில் பன்னீர்செல்வத்தை மடக்கினார்கள். விழுந்த முதல் அடியிலேயே அவர் பல் தெறித்தது. இரண்டாவது அடியில் கை ஒடிந்தது. களைக்கொத்து உயர்ந்தபோது சார் சேற்றில் இறங்கி ஓடினார்.

“பஸ்! பஸ் கரோ! போதும், நிறுத்துங்க! அவன் கை காலி! இதுக்கு மேல ஓர் அடி விழுந்தா உங்களைத்தான் நான் குத்தவாளிக் கூண்டுல ஏத்துவேன்!”

களைக்கொத்து இறங்கியது. பெங்காலிக்காரருக்கு அது வருத்தம்தான்.

டின் மட்டும் நிற்கவில்லை. என்னால் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்க முடியவில்லை. செல்லம் பரணில் ஏறினாள். அலமுவின் உள்ளங்கை உரிந்து கயிறு சிவந்திருந்தது. அவள் கைகளின் மேல் செல்லம் தன் இரண்டு கைகளையும் வைத்தாள்.

“விடு தாயி. வந்துட்டோம். எல்லாரும் வந்துட்டோம்.”

அலமு கண்ணைத் திறந்து வயலைப் பார்த்தாள். வரப்பு முழுக்க ஆட்கள் நின்றார்கள். பிறகுதான் கயிற்றை விட்டாள்.

மறுநாள் காலை மரகதம் வேனிலிருந்து இறங்கியபோது கல் எதுவும் வரவில்லை. சிப்பிகாட்டின் இரண்டு வரிசையும் கோர்ட் வாசலில் நின்றது. கையில் கட்டோடு நான், புதுக் குடையோடு சார், எங்களுக்கு நடுவில் அலமு. இன்ஸ்பெக்டரிடம் ஏற்கனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மரகதம் அவளைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினாள். அலமு அவளுக்கு நேராகத் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். நாத்தனார், அண்ணி இரண்டு பேருக்கும் இப்போது ஒரே இடத்தில் காயம்.

உள்ளே மாஜிஸ்திரேட் இந்தியில் கேட்டதைக் கிளார்க் தமிழில் சொன்னார். “மான்னு நெனச்சுத்தான் சுட்டியாம்மா?”

மரகதம் திரும்பி எங்களைப் பார்த்தாள். செல்லத்தைப் பார்த்தாள், அலமுவைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டாள். கோர்ட்டே மூச்சை இழுத்தது. பழனிசாமியின் பத்து விரலும் அங்கே நீலமாகக் கிடந்தன.

“மான் இல்லீங்கய்யா” என்றாள்.